வாசித்துச் சரிபார்த்தேன்

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. நம்ம பக்கத்துப் பொம்பளை ஒருத்தி 'அவுக வந்தாக'ன்னு சொன்னா எத்தனை பேர் வந்தாங்கன்னு எடுத்துக்குவீங்க?

சிரிக்கிறீங்க. ஒருத்தர்தான், அவ வீட்டுக்காரர்தான், இது ஒரு கேள்வியான்னுதானே சிரிக்கிறீங்க? இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வயசான பொம்பளை நாலு மாசம் ஜெயில்ல இருந்தாங்கம்மா. நான் இப்ப அவங்க வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். கயத்தாறு பக்கம் உள்ளே ஒரு ஊரு. அங்கேருந்து மினி பஸ் பிடிச்சு கோவில்பட்டி வந்து இந்த மதுரை பஸ்ல ஏறினேன். காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டது. அதுக்கப்புறம் ஒண்ணும் இறங்கல. இல்ல, வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. நான் பேசிட்டு வந்தா போதும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

நான் வக்கீல் இல்ல. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. மொழிபெயர்ப்பாளர். பேரு ஞானசெல்வி. சொந்த ஊரு பாளையங்கோட்டை. எம்.ஏ. இங்கிலீஷ். கீழ்கோர்ட்டுல எல்லாம் தமிழ்ல நடக்கும். சாட்சி சொல்றது, போலீஸ் எழுதுறது எல்லாமே தமிழ். மேல்கோர்ட்டுக்குப் போகும்போது அத்தனையும் இங்கிலீஷ்ல வேணும். வேற மாநிலத்து ஜட்ஜ் வருவாங்க, அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல? அதனால வக்கீலுங்க மதுரையில எங்க ஆபீசுக்கு அனுப்புவாங்க. நாங்க இங்கிலீஷ் ஆக்கி, கடைசிப் பக்கத்துல முத்திரை வச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். 'வாசித்துச் சரிபார்த்தேன், இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு'ன்னு முத்திரையில இருக்கும். பத்தொன்பது வருஷமா அந்த முத்திரை என் கையிலதான். ஒரு புகார் வந்ததில்ல. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

முன்னாடி நாங்க மூணு பேரு. நான், ரஹ்மத், சங்கரலிங்கம் சார். முதலாளி பேரு ஜோதிமுருகன், என்னைவிடச் சின்னவன்தான். போன வருஷம் ஆனி மாசம் அவன் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வச்சான். ஏஐ. பேப்பரை ஸ்கேன் பண்ணி உள்ளே விட்டா மறுபக்கம் இங்கிலீஷா வந்து நிக்குது. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்யறதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்துல செஞ்சுது. நான் குறை சொல்ல மாட்டேன், நல்லாவே செஞ்சுது. தேடித் தேடிப் பார்த்தேன். நிலத்தோட எல்லை விவரம், நாலு பக்கத்து அளவு, பட்டா நம்பர் எதுலயும் பிசகு இல்ல. சங்கரலிங்கம் சார் வருஷத்தை மாத்தி அடிப்பாரு, சர்வே நம்பரை விட்டுடுவாரு. இது விடாது.

ரெண்டு மாசத்துல ரஹ்மத்தையும் சாரையும் நிறுத்திட்டான். என்னை மட்டும் வச்சுக்கிட்டான். "மேடம், அது மொழிபெயர்க்கட்டும். நீங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. கோர்ட்டுக்கு ஒரு மனுஷ கையெழுத்து வேணும்ல"ன்னான். எனக்கு வருத்தம்தான். இல்லாம இருக்குமா? ஆனா ஒண்ணு சொல்லணும், ரஹ்மத்துக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். ஒரு வரிக்கு அரை மணி நேரம் யோசிப்பா. ஊருக்கெல்லாம் போன் போட்டு, 'உங்க பக்கம் இதுக்கு என்ன அர்த்தம்'னு கேட்டுட்டு இருப்பா. ஒரு ஆபீசு அப்படி எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

நான் போயிட்டு வந்த ஊர்ல ஒரு பொண்ணு. சண்முகக்கனின்னு பேரு. இருபத்தாறு வயசு, நாலு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை. புருஷன் இசக்கிராஜா, லோடு வண்டி ஓட்டுறவன். வீட்டுல அவன் அம்மாவும் உண்டு, வேலம்மாள். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பொண்ணு மாடிப்படியில உருண்டு விழுந்து, மண்டையில அடி. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உயிரோட இருந்தா. நினைவு இருந்த நேரத்துல மாஜிஸ்ட்ரேட் வந்து அவ சொல்றதை எழுதிக்கிட்டாரு. மரண வாக்குமூலம்னு சொல்லுவாங்க. அவ என்ன வார்த்தையில சொல்றாளோ அதையே அப்படியே எழுதணும். மாத்தக்கூடாது, திருத்தக்கூடாது. மறுநாள் அவ போயிட்டா.

பொண்ணு வீட்டுக்காரங்க ஆத்திரத்துல ரெண்டு பேர் மேலயும் எழுதிக் கொடுத்தாங்க. புருஷன் மேலயும் மாமியார் மேலயும். போலீஸ் ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்க. மாமியாருக்கு ஜாமீன் கேட்டு முதல்ல கீழ்கோர்ட்டு, விசாரணை இன்னும் முடியலைன்னு கிடைக்கல. அப்புறம் மேல்கோர்ட்டு. அதுக்கு அந்த வாக்குமூலம் இங்கிலீஷ்ல வேணுமே? அவங்க வக்கீல் எங்க ஆபீசுக்கு அனுப்பினாரு.

ஒரே பக்கம்மா. ஒரு பக்கம்கூட இல்ல, முக்காப் பக்கம்.

மெஷின் என்ன பண்ணுச்சு? அந்தப் பொண்ணு 'அவுக வந்தாக, ஏசினாக, அடிச்சாக, தள்ளிவிட்டாக'ன்னு சொன்னதை எல்லாம் பன்மையா ஆக்கிடுச்சு. பல பேர் வந்தார்கள், பல பேர் அடித்தார்கள், பல பேர் தள்ளினார்கள். இங்கிலீஷ்ல வாசிக்கிற ஜட்ஜுக்கு எப்படித் தோணும்? புருஷனும் மாமியாரும் சேர்ந்து வந்து தள்ளியிருக்காங்கன்னுதான் தோணும். அந்த வரியை எடுத்து அப்படியே ஆர்டர்ல போட்டு ஜாமீன் இல்லைன்னுட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? அவர் முன்னாடி இருந்த பேப்பர் அதுதான். அடியில என் முத்திரை.

எங்க அம்மா சாகிற வரைக்கும் எங்க அப்பாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அவுக வாராக, அவுக தூங்குதாகன்னுதான். அந்த வீட்டுல பொறந்து வளர்ந்தவ நான். எனக்குத் தெரியாதா? மெஷினுக்கு எப்படித் தெரியும், அது என்ன பாளையங்கோட்டையிலயா பொறந்துச்சு? நான் அதைத்தான் சொல்றேன். தப்பு மெஷின்ல.

அந்தப் பேத்தி பாவம். அப்பன் ஜெயில்ல, ஆத்தா இல்ல, அப்பத்தாவும் ஜெயில்ல. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுல வச்சிருந்தாங்க. அப்புறம் குழந்தைங்க விஷயத்தைப் பார்க்கிற கமிட்டி ஒண்ணு இருக்கே, அவங்ககிட்டப் போச்சு. கனியோட அப்பா கூடப் பொறந்தவங்க திருப்பூர்ல இருக்காங்க, சரஸ்வதின்னு. அவங்க வந்து கேட்டாங்க. இப்போதைக்கு வச்சுக்கச் சொல்லி அவங்ககிட்டக் கொடுத்துட்டாங்க.

நாலு மாசம் இப்படிப் போச்சு. நடுவுல பழைய வக்கீலை விட்டுட்டு, இலவச சட்ட உதவியில தமயந்தின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. சின்னப் பொண்ணுதான், முப்பது இருக்கும். அது ஜெயிலுக்கே போய் வேலம்மாளைப் பார்த்து, ஆர்டர்ல இருக்கிறதைத் தமிழ்ல சொல்லியிருக்கு. "உங்க மருமக கடைசியா, 'எல்லாரும் வந்து அடிச்சாங்க, எல்லாரும் தள்ளிவிட்டாங்க'ன்னு சொல்லியிருக்கா பாட்டி. அதனாலதான் ஜாமீன் கிடைக்கல." அந்தம்மா கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லலையாம். "சரித்தா, நீ போயிட்டு வா"ன்னு அனுப்பிட்டாங்களாம்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனப்ப, "பேத்தியைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க பாட்டி"ன்னு தமயந்தி சொல்லியிருக்கு. அப்பத்தான் அந்தம்மா வாயைத் திறந்திருக்காங்க. "எம் மருமவ என்ன சொன்னான்னு நீ தமிழ்ல வாசிச்சியாத்தா? எல்லாரும்னு அவ சொல்ல மாட்டா. அவுகன்னு சொல்லியிருப்பா. அவுகன்னா எம் மவன். எம் மவனை மட்டுந்தான் அவ அப்படிச் சொல்லுவா."

இதைக் கேக்கிறப்ப உங்களுக்கு ஒண்ணு தோணலையா? எனக்கு இன்னிக்குத்தான் தோணுச்சு. முதல் தடவை கேட்டப்பவே அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும் ரெண்டு வாரம் பேசாம இருந்திருக்காங்க. எல்லாரும்னு இருந்தா பழி ரெண்டு பேர் தலையில பாதி பாதி. அவுகன்னா முழுசும் மகன் தலையில.

தமயந்தி ஓடிப்போய்த் தமிழ் மூலத்தை எடுத்துப் பார்த்துட்டு, மேல்கோர்ட்டுல மனுப் போட்டுச்சு. ஜட்ஜ் என்னை வரச் சொன்னாரு.

அதுக்கு முதல் நாள் ஜோதிமுருகன் என்னை உட்கார வச்சுப் பேசினான். "மேடம், மெஷின்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. திறந்தா நாளையிலேருந்து ஒரு வக்கீல் நம்ம படியேற மாட்டான். நீங்களே மொழிபெயர்த்ததா சொல்லுங்க. மனுஷங்க தப்புப் பண்றது சகஜம்தானே, விட்டுடுவாங்க." நான் என்ன செய்ய? பத்தொன்பது வருஷம் சோறு போட்ட ஆபீசு. சரின்னேன். யோசிச்சுப் பாருங்க, ஒரு மெஷின் பண்ண தப்பை ஒரு மனுஷி தன் தலையில ஏத்துக்கிட்டா. யாரு செய்வா?

ஜட்ஜ் ரொம்ப நேரம் எடுத்துக்கல. என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை முழுசா வாசிச்சீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"வாசிச்சேன் ஐயா. கண்ணு தவறிடுச்சு"ன்னேன்.

"இனிமே கவனமா இருங்க. திருத்தின பிரதியை நாளைக்குக் கொடுங்க"ன்னாரு. அவ்வளவுதான். மறுவாரம் வேலம்மாளுக்கு ஜாமீன் கிடைச்சுது. திருத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. பன்மை இருக்கிற இடத்தையெல்லாம் ஒருமை ஆக்குன்னு மெஷின்கிட்டச் சொன்னா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மாத்திக் கொடுத்துடுச்சு. மறுபடி முத்திரை வச்சேன், கையெழுத்துப் போட்டேன்.

முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. பத்து நாள் கழிச்சு ரஹ்மத் போன் பண்ணினா. இப்ப மேலூர்ல ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. கோர்ட்டு வட்டாரத்துல பேசிக்கிட்டது அவ காதுக்கும் போயிருக்கு.

"அக்கா, அவுகன்னா உங்களுக்குத் தெரியாதா?"ன்னா.

"அது மெஷின்டி"ன்னேன்.

"மெஷின் சரிக்கா. கையெழுத்து யாரோடது?"

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "வேலை போன வயித்தெரிச்சல்ல பேசாதே"ன்னு வச்சுட்டேன். வச்சுட்டேனே தவிர, அதுலேருந்து ஒரு வேலை ஓடல. ஒரு பேப்பரை எடுத்தா ரஹ்மத் கேட்டதே காதுல கேக்குது. சரி, நேர்ல போய் அந்தம்மாவைப் பார்த்து, இன்னது இன்ன மாதிரி நடந்துச்சு, நான் வேணும்னு செய்யல, மெஷின்ல வந்த கோளாறுன்னு எடுத்துச் சொல்லிட்டு வந்துடுவோம்னு தோணுச்சு. தமயந்திகிட்ட விலாசம் வாங்கிக்கிட்டு இன்னிக்கு லீவு போட்டுட்டுப் போனேன்.

வேலம்மாள் வாசல்ல உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போற பொண்ணு ஒருத்திக்குக் கால்ல முள்ளு எடுத்துவிட்டுட்டு இருந்தாங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கும். கையில காதுல ஒண்ணும் இல்ல. நான் யாருன்னு சொன்னேன். எழுந்திரிச்சு உள்ளே போய்த் தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. நான் அடிப்பாங்க, ஏசுவாங்கன்னு நினைச்சுப் போயிருக்கேன், அந்தம்மா என்னடான்னா, "வெயில்ல வந்திருக்கியே தாயி"ங்கிறாங்க.

மெஷின் கதையெல்லாம் சொன்னேன். அவங்க கேட்டுக்கிட்டாங்களா, இல்லையான்னே தெரியல. நான் நிறுத்தினதும், "நீ படிச்சவ. ஒண்ணு கேக்கட்டா?"ன்னாங்க.

"கேளுங்கம்மா."

"அவுகன்னா எம் மவன்தான்னு நான் சொல்லிட்டேன். எம் வாயாலயே எம் மவனுக்குக் குழி பறிச்சுட்டேன். இப்ப நெனச்சா நெஞ்சு கெடந்து அடிக்கி. ஒருவேளை அவ வேற யாரையும் சொல்லியிருப்பாளோ? அப்படியும் எடுத்துக்கிட எடமிருக்கா? நான் எழுத்து வாசிக்கத் தெரியாதவ. அவ என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டல. நீ வாசி தாயி."

தமிழ் மூலம் என் போன்ல இருந்துச்சு. திருத்தறதுக்காகத் தமயந்தி அனுப்பினது. திறந்தேன். வாசிச்சேன். மனப்பாடமே ஆயிடுச்சு, சொல்றேன் கேளுங்க.

'எம் பேரு சண்முகக்கனி. நான் அடுப்படியில இருந்தேன். அவுக வந்தாக. சோறு வச்சேன். கொழம்பு ஆறிக் கெடக்குன்னு ஏசினாக. நானும் எதுத்துப் பேசினேன். படிகிட்ட இழுத்துட்டுப் போயி அடிச்சாக. தள்ளிவிட்டாக. பொறவு ஒண்ணும் தெரியல. அப்ப வீட்டுல வேற ஆரும் இல்ல. எம் பிள்ளைய அத்தைகிட்ட விட்டுருங்க. வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்.'

'வேற ஆரும் இல்ல.' அங்கேயே இருக்கும்மா. அவளே சொல்லியிருக்கா. இதை இங்கிலீஷ்ல வச்சுக்கிட்டே அத்தனை பேரும், பழைய வக்கீல், அரசாங்க வக்கீல் எல்லாரும், அடிச்சவங்களைத் தவிர வேற யாரும் இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க போல. சோறு வச்சேன், கொழம்பு ஆறிப்போச்சுன்னு ஏசினாகன்னா அது யாருன்னு நம்ம தெருவுல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே?

நான் அந்தம்மா முகத்தைப் பார்த்து, "ஒருத்தர்தாம்மா. உங்க மகன்தான்"னேன். சொல்லாம எப்படி இருக்க முடியும்? அவங்க தலையை ஆட்டினாங்க. அழுவாங்கன்னு பார்த்தேன். அழல. "கடைசியில என்னமோ வாசிச்சியே. அதை மறுபடி வாசி"ன்னாங்க.

'எம் பிள்ளைய அத்தைகிட்ட விட்டுருங்க.'

"இன்னொரு தரம்."

வாசிச்சேன்.

"அத்தைன்னு சொன்னாளா? என்னையவா?"ன்னாங்க.

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. நம்ம பக்கம் மாமியாரை என்னன்னு கூப்பிடுவோம்? அத்தைன்னுதானே? அப்பா கூடப் பொறந்தவங்களும் அத்தை. மெஷின் அங்கே என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? இங்கிலீஷ்ல தகப்பனாரோட சகோதரின்னு போட்டிருந்துச்சு. அந்தப் பேப்பரைத்தான் திருப்பூர்க்காரங்க கமிட்டி முன்னாடி நீட்டியிருக்காங்க, 'பொண்ணோட கடைசி ஆசை இது, கோர்ட்டுலயே இருக்கு'ன்னு. தமிழ்ல பார்த்தவங்களும் அத்தைன்னா திருப்பூர் அத்தைதான்னு விட்டுட்டாங்க. ஜெயில்ல இருக்கிறவளைப் போய் அத்தைன்னு யாரு நினைப்பா?

"அவங்களையும் அத்தைன்னுதானேம்மா கனி கூப்பிட்டிருப்பா?"ன்னு கேட்டேன். கேக்காம இருக்க முடியல. இது என் தொழில்.

"சரசத்தைன்னு கூப்பிடுவா. பேரு சேர்த்துத்தான். கல்யாணத்துக்கு முந்தியும் அப்படித்தான், பொறவும் அப்படித்தான். வெறும் அத்தைன்னா நாந்தான். தெருவுல போயிக் கேளு"ன்னாங்க. கேட்டேன். நாலு வீட்டுல கேட்டேன். ரஹ்மத் செய்வாளே, அதே மாதிரி. நாலு வீட்டுலயும் அதையேதான் சொன்னாங்க. பிள்ளையைப் பெத்த நாள்லேருந்து தூக்கினது, குளிப்பாட்டினது எல்லாம் வேலம்மாள்தான்னும் சொன்னாங்க. கனி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிடுவாளாம்.

திரும்பி வந்தா அந்தம்மா அதே இடத்துல உட்கார்ந்திருக்காங்க. "அவன் இப்படிப் பண்ணினதுக்கப்புறமும் என்னைய நம்பிப் பிள்ளைய விட்டுருக்கா பாரு"ன்னாங்க. அப்பத்தான் அழுதாங்க.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. இவ்வளவு சொல்லிட்டு அதை மட்டும் மறைச்சா நல்லாருக்காது. நீங்க யாரோ, நான் யாரோ. மதுரையில இறங்கினா அவ்வளவுதான்.

அந்த மெஷின் சும்மா மாத்திக் கொடுத்துட்டுப் போகாது. அதுக்குச் சந்தேகம் இருக்கிற வார்த்தைக்கு மஞ்சள் அடிச்சு, ஓரத்துல குறிப்புப் போடும். அன்னிக்கு அந்தப் பக்கத்துல ரெண்டு மஞ்சள் இருந்துச்சு. 'அவுக' பக்கத்துல, 'ஒருவரா பலரா என்று தெளிவில்லை, தமிழ் அறிந்தவர் உறுதி செய்யவும்'னு இருந்துச்சு. 'அத்தை' பக்கத்துலயும், 'மாமியாரா தந்தையின் சகோதரியா என்று தெளிவில்லை, உறுதி செய்யவும்'னு இருந்துச்சு. அது கேட்டுச்சும்மா. என்னைத்தான் கேட்டுச்சு. ஆரம்பத்துல நான் ஒவ்வொரு மஞ்சளையும் பார்ப்பேன். பாதிக்கு மேல ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கேக்கும், ஆள் பேரு, ஊர்ப் பேரு, இதெல்லாம். ஒரு நாளைக்கு நூத்தைம்பது பக்கம் வருது. கீழே ஒரு பட்டன் இருக்கு, 'அனைத்தையும் ஏற்கவும்'னு. அதை அமுக்கினா மஞ்சள் எல்லாம் போயி வெள்ளையாயிடும்.

அமுக்கினேன். கையெழுத்துப் போட்டேன். திருத்தறப்பவும் பன்மையை மாத்தச் சொன்னேனே தவிர மத்த வரியைப் பார்க்கல. ஒரு முக்காப் பக்கத்தை ரெண்டு தடவை வாசிச்சுச் சரிபார்த்தேன்னு முத்திரை வச்சிருக்கேன். முதல் தடவையா வாசிச்சது இன்னிக்குக் காலையில, அந்தம்மா வாசல்ல.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே தமயந்திக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். மஞ்சளையும் சேர்த்துத்தான். அந்தப் பொண்ணு முழுசாக் கேட்டுக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு: "அக்கா, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கமிட்டி வர்ற வியாழக்கிழமை கடைசி முடிவு எடுக்குது. மொழிபெயர்ப்பு தப்புன்னு நான் சொன்னா, பாட்டியோட வக்கீல் அப்படித்தான் சொல்லுவாங்கம்பாங்க. நீங்க பிரமாணப் பத்திரம் கொடுத்தா எடுபடும். ஆனா அதுல படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு எழுதணும். அன்னிக்கு ஜட்ஜ்கிட்டப் படிச்சேன்னு சொல்லியிருக்கீங்க. இது வெளியே வந்தா முத்திரை போகும். வழக்கே வந்தாலும் வரும். நல்லா யோசிச்சுக்கோங்க. உங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"எத்தனை மணி வரைக்கும் ஆபீசுல இருப்பே?"ன்னு கேட்டேன்.

"அஞ்சரை வரைக்கும். நீங்க வர்றதுக்குள்ள நானே மெஷின்ல ஒரு டிராஃப்ட் போட்டு வைக்கட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை"ன்னுச்சு.

"வேண்டாம், நான் எழுதிட்டு வரேன்"ன்னுட்டேன்.

அதைத்தான் சாத்தூர்லேருந்து இந்த நோட்டுல எழுதிட்டு வந்தேன், நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. பஸ் குலுக்கினதுல எழுத்து கோணல் மாணலா இருக்கு. ஜோதிமுருகன் மூணு தடவை கூப்பிட்டான், எடுக்கல. தமயந்தி அவனுக்கு ஒண்ணும் சொல்லியிருக்காது, வேற ஏதாவது அவசரப் பேப்பரா இருக்கும். மெஷினும் சரியா அழுத்திக் கேக்கலைன்னு ஒரு வரி சேர்க்கலாமான்னு பார்த்தேன். எழுதினேன். அப்புறம் அடிச்சுட்டேன். இந்தா, அடிச்சது தெரியுது பாருங்க.

எனக்கு அம்பத்தி மூணு வயசு. வேற தொழில் தெரியாது. பயமா இல்லையான்னா, இருக்கு. அதுக்காக வீட்டுக்குப் போயிடலாம்னு திருமங்கலம் தாண்டினப்ப ஒரு தடவை நினைச்சேன். நினைக்கலைன்னு சொல்ல மாட்டேன்.

என்ன கேட்டீங்க? பிள்ளை பேரா?

அதோட பேரு...

பாருங்களேன். நான் கேக்கவே இல்லையே. இவ்வளவு நேரம் அந்தம்மாகூட உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாவும் எம் பேத்தி, எம் பேத்தின்னே சொல்லிட்டு இருந்தாங்க. வாக்குமூலத்துல 'எம் பிள்ளை'ன்னுதான் இருக்கு. நானும் இதுல 'மேற்படி குழந்தை'ன்னே எழுதிட்டு வந்திருக்கேன். இந்தா, நாலு இடத்துல. இப்படி ஒரு பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தா எப்படி?

இருங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு நம்பர் வாங்கி வச்சிருக்கேன். ரிங் போகுது. இந்தப் பேனாவைக் கொஞ்சம் பிடிங்க... ஹலோ, நான் ஞானசெல்வி பேசுறேம்மா, காலையில வந்தேனே. வேலம்மாக்காகிட்டக் கொஞ்சம் கொடுக்கிறியா?

ஆமாம்மா, ஒண்ணு விட்டுப் போச்சு. பேத்தி பேரு என்ன? மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.